கறவலாடு

கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. உளுந்து பொங்கிக் கல்லின்மேல் ஏறி நிற்கிறது, ஒரு கை தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டால் இறங்கிவிடும், தள்ளிவிட அத்தை இங்கே இருக்க வேண்டும், இல்லை. கட்டிலில் பிள்ளையும் இல்லை. நான் பின்வாசலில் இருந்து ஈரக்காலோடு வந்து அடுப்படியில் நிற்கிறேன். பத்து நிமிஷம் இருக்குமா, பத்துகூட இருக்காது, நான் போகும்போது அத்தை கிரைண்டர் பக்கத்தில் பலகையைப் போட்டு வேதப்புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஓபேது கட்டிலில் கவிழ்ந்து கிடந்து தலையணை உறையைச் சப்பிக்கொண்டிருந்தான், ஏழு மாதம் ஆகிறது அவனுக்கு, எது கிடைத்தாலும் வாயில்தான். இப்போது பலகை இருக்கிறது. புத்தகம் பலகைமேல் விரித்தபடி இருக்கிறது, அதன்மேல் அத்தையின் கண்ணாடி. கட்டிலில் பிள்ளையின் சட்டை கிடக்கிறது, உள்ளே ஆள் இருப்பதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. வாசல்படியில் அத்தையின் செருப்பு ஜோடியாக, கழற்றிவைத்த மாதிரியே. அத்தை, என்று கூப்பிட்டேன், எனக்கே கேட்காத சத்தத்தில். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே என் சத்தம் என்றைக்குப் போயிருக்கிறது.

எங்கள் சபையில் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதவு திறந்து கிடந்து, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்து, வீட்டில் ஆள் இல்லையென்றால் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருடன் நினைப்பு வரும், எங்களுக்கு வருகை நினைப்பு வரும். ஆண்டவர் இரகசியமாக வருவார், கண் இமைக்கிற நேரத்தில் தம்முடையவர்களை மேலே எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். எந்திரம் அரைக்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள். இதை ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது, எங்கள் வீடு அப்போதுதான் வேதத்துக்கு வந்திருந்தது. எந்திரம் என்றால் ரைஸ்மில் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நாள் ரைஸ்மில் வாசலை ஓடித்தான் தாண்டுவேன். இன்றைக்கு அரைத்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர். அரிசியை நான் அள்ளினேன், உளுந்தை அத்தை போட்டார்கள். எடுத்துக்கொள்ளப்பட்டது யார், விடப்பட்டது யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி இருக்காது, பக்கத்தில் எங்கேயாவது போயிருப்பார்கள், என்று எனக்குள்ளேயே ஒருத்தி சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே செருப்பு கண்ணில் படுகிறது. பதினோரு மணி வெயிலில் இந்தத் தேரி மணலில் செருப்பில்லாமல் யார் போவார்கள், பருப்பைப் போட்டால் பொரிந்துவிடும். கண்ணாடி வேறு. கண்ணாடி இல்லாமல் அத்தைக்குக் கடுகும் கேழ்வரகும் ஒன்றுதான். போன வாரம் மூன்று நாள் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் பெரிய துணிப்படம் ஒன்றைத் தொங்கவிட்டுக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார், அந்த நாளில் கண்ணாடி, பல்செட்டு, ஊன்றுகோல் எல்லாம் கீழே கிடக்கும், போகிற இடத்தில் அதெல்லாம் எதற்கு என்று. எல்லாரும் சிரித்தோம். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். மாவு வழியப்போகிறது. நான் போய்த் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுகிறேன். உலகம் முடிந்தால் முடியட்டும், உளுந்து வழிந்தால் அத்தை சத்தம் போடுவார்கள், என்று கை தானாகச் செய்கிறது, பிறகுதான் உறைக்கிறது, சத்தம் போட யார் இருக்கிறார்கள்.

என்னைக் கூப்பிட்டது கேட்டது. அதுதான் என்னை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நான் கக்கூசில் இருந்தேன், குழாயைத் திறந்துவிட்டிருந்தேன், வாளி நிறைகிற சத்தம், அதற்குப் பின்னால் கிரைண்டர் சத்தம், அதற்கும் பின்னால் எப்சீ, என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், எப்சீ. நான் பதில் சொல்லவில்லை. அங்கே இருந்துகொண்டு இந்தா வாரேன் என்று சொல்ல எனக்கு வராது, இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் வரவில்லை. அது ஆண் சத்தமா பெண் சத்தமா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் பிடிபடமாட்டேன் என்கிறது. பேர் சொல்லித்தான் கூப்பிடுவார் என்று வேதத்தில் இருக்கிறது. ஜெபத்தில் முழங்காலில் இருக்கும்போது கூப்பிட்டிருக்கக் கூடாதா, பாத்திரம் தேய்க்கும்போது கூப்பிட்டிருக்கக் கூடாதா. அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டார், நானும் வாயைத் திறக்கவில்லை.

அது மட்டும் இல்லை. நான் ஆண்டவரிடம் ஒன்று கேட்டிருந்தேன். ஓபேதின் அப்பா கிதியோன் வளைகுடாவில் பைப் வெல்டர். அங்கே சண்டை தொடங்கிப் பதினொரு நாள் ஆகிறது, விமானம் நிறுத்தியாயிற்று, நான்கு நாளாகப் போனும் இல்லை. அவர் தங்கியிருக்கிற கேம்ப் சண்டை நடக்கிற இடத்துக்குக் கிட்டவா எட்டவா என்று எனக்குத் தெரியாது, உலகப் படத்தில் விரற்கடை தூரம் என்று எஸ்தர் ஜெயா டீச்சர் சொன்னார்கள், விரற்கடை என்றால் எத்தனை மைல் என்று கேட்க எனக்குக் கூச்சம். அந்தத் துணிப்படத்தில் அவர் இருக்கிற நாட்டின்மேல்தான் ஊழியக்காரர் குச்சியை வைத்தார். சண்டை தொடங்கியாச்சு, தீர்க்கதரிசி சொன்னது நம்ம கண்ணு முன்னால நிறைவேறுது, சந்தோஷப்படுங்க, என்றார். சபை கை தட்டியது. அத்தை தட்டவில்லை. நான் பார்த்தேன், அத்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சீக்கிரம் வாரும் என்று ஜெபித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து வாரும், அவர் வந்து பிள்ளை முகத்தைப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு வாரும், என்றேன். பிள்ளை பிறந்ததில் இருந்து போனுக்குள்தானே பார்த்திருக்கிறார். அப்படிக் கேட்டது பாவம் என்று தெரிந்தேதான் கேட்டேன். உலகமே வா வா என்று கூப்பிடுகிறவரைப் பார்த்து நில் என்று சொன்னவளை எதற்காக எடுப்பார்.

தெரு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. ரூபி அக்கா வீட்டு டி.வி.கூட இல்லை. நூறு நாள் வேலைக்குக் குளத்துக்குப் போயிருப்பார்கள் எல்லாரும், இன்றைக்குச் செவ்வாய், போயிருப்பார்கள்தான், ஆனால் ஒரு கோழிகூடக் கூவவில்லையே. வாசலுக்குப் போய் யாரையாவது பார்த்தால் தெரிந்துவிடும். யாரைப் பார்த்தால். கட்டாயம் எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பார் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இன்னும் இங்கே இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். எஸ்தர் ஜெயா டீச்சர் பாடினால் கல்லும் உருகும், ஆனால் கூடப்பிறந்த அண்ணனோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. ரூபி அக்கா தசமபாகம் தவறாமல் கொடுப்பார்கள், ஆனால் வாய், ரூபி அக்காவின் வாயை ஆண்டவர் எப்படி மேலே சேர்ப்பார். பாஸ்டர் அம்மாவை நினைத்தேன், போன கிறிஸ்துமசுக்குக் கேக் வெட்டும்போது சின்னத் துண்டாக எனக்குக் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது, இதை இப்போது நினைக்கிற நான் யார். அடுத்த வீட்டு இசக்கியம்மாள் வேதக்காரி இல்லை, கணக்குப்படி அவள் எப்படியும் இங்கேதான் இருப்பாள், அவளைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்து பால் கட்டிக்கொண்ட நாலு நாளும் ஓபேதுக்குத் தன் பாலைக் கொடுத்தவள் அவள். அவளை ஒரு பக்கமும் ரூபி அக்காவை ஒரு பக்கமும் நிறுத்துகிற கணக்கு எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட கணக்கு மாதிரிதான், ஓரிடத்துக்கு மேல் ஓடவில்லை. அத்தையை மட்டும் யோசிக்காமல் சொல்வேன். போயிருப்பார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிள்ளை என்று நினைத்ததும் பால் சுரந்துவிட்டது. ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைகிறது, அவனுக்குப் பசிக்கிற நேரம், என் உடம்புக்கு அது தெரியும், அவன் மேலே இருக்கிறானா கீழே இருக்கிறானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நான் கட்டிலில் உட்கார்ந்து சட்டையை எடுக்கிறேன், கழுத்தில் எச்சில் ஈரம் இன்னும் இருக்கிறது. வயிற்றில் அவன் இருந்தபோது ஒரு வசனம் என்னைப் போட்டு அலைக்கழித்தது, அந்த நாட்களில் கர்ப்பவதிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்று. அது ஏன் அப்படி எழுதியிருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு ஐயோ, என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே ஏழு மாதம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பால் கொடுக்கிறவளுக்கு ஐயோ. பால் குடிக்கிறவனை எடுத்துக்கொண்டால் பாலை என்ன செய்வாள். இதுதான் அந்த ஐயோவா. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உளுந்து வாசனை வருகிறது. விசிறி சுற்றுகிறது. நான் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிகிறது, இந்த இடத்தில்தான் அவனைக் கடைசியாகப் போட்டுவிட்டுப் போனேன், இந்த இடத்திலேயே இருந்தால் ஒருவேளை.

அத்தை விட்டுப்போன பக்கம் ஏசாயா தீர்க்கதரிசி. இந்த நான்கு நாளாக அத்தை அதைத்தான் வாசிக்கிறார்கள், ஊழியக்காரர் சண்டைக்கு ஆதாரமாகக் காட்டிய அதிகாரத்தை இல்லை, அதற்கு எவ்வளவோ தள்ளி, நாற்பதாவது. சண்டையை வாசிக்க மனசு வரல ளா, அதே ஆளுதான் இதையும் சொல்லியிருக்காரு, இத வாசிப்போம், என்றார்கள். எனக்கு அந்த அதிகாரம் தெரியும். பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தம் போட்டு வாசித்தபோது எனக்கு வந்தது பதினொன்றாம் வசனம். மேய்ப்பனைப்போல மேய்ப்பார், குட்டிகளை மடியில் சுமப்பார், என்பது வரை தடுக்காமல் வந்துவிட்டேன், அடுத்த சொல்லில் நாக்கு மாட்டிக்கொண்டது. கறவலாடு. அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. கவலாடு என்று வாசித்துவிட்டேன். கவலாடுகளை மெதுவாய் நடத்துவார். ரூபி அக்கா களுக்கென்று சிரித்தார்கள், அதென்னளா கவலாடு, கவலைப்படுத ஆடா, என்றார்கள். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். கவலைப்படுகிற ஆடு என்று ஒரு ஆடு இருக்கும், என்னைப்போல எதற்கெடுத்தாலும் பின்தங்கி நின்றுகொண்டு, அதை அவர் அடிக்காமல் விரட்டாமல் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போவார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அத்தைதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கற-வல்-ஆடு, பால் குடுக்குத ஆடு, குட்டி போட்ட ஆடு, என்றார்கள். அன்றைக்குக் கூச்சத்தில் காது அடைத்துவிட்டது, அதற்குமேல் அதை நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன். எழுந்து போய் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன், விரலை வைத்துக்கொண்டு. மடியிலே சுமந்து. மெதுவாய் நடத்துவார்.

எங்கள் அப்பாவுக்குக் கிடை ஆடு. கரிசல் காட்டில் இந்த ஊர் புஞ்சையில் இரண்டு நாள், அந்த ஊர் புஞ்சையில் மூன்று நாள் என்று மந்தை நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் என் படிப்பு ஐந்தோடு நின்றது. வழியில் குட்டி போடுகிற ஆடு பின்தங்கிவிடும். குட்டிக்கு நடக்க வராது, தாய் குட்டியை விட்டு வராது. அதுகளைக் கொண்டு சேர்ப்பது என் வேலை. குட்டியை எடுத்துப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டு தாயின் மூக்குக்கு முன்னால் நடக்க வேண்டும், கொஞ்ச தூரம் போய் நின்று முகரவிட வேண்டும், பிறகு கொஞ்ச தூரம். வேகமாகப் போகக் கூடாது. தோளில் தூக்கிப் போடவும் கூடாது, ஒருநாள் கை வலிக்கிறது என்று தோளில் போட்டுக்கொண்டேன், குட்டி கண்ணில் இருந்து மறைந்ததும் தாய் திரும்பி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. எங்கே ஓடும் என்கிறீர்கள், குட்டி போட்ட இடத்துக்கு. அங்கே போய் வெறும் தரையை முகர்ந்து முகர்ந்து கத்தும். தாழ்வாக, மடியில்தான் வைக்க வேண்டும், தாய்க்குத் தெரிகிற மாதிரி. இது மேய்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். புத்தகத்தில் மடி என்றுதான் போட்டிருக்கிறது. நான் மறுபடி பார்க்கிறேன். மடிதான். இதைச் சொன்ன தீர்க்கதரிசி ஆடு மேய்த்திருக்கிறார், இல்லை மேய்க்கிறவரைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறார். குட்டியைத் தூக்குவது தாயிடமிருந்து பறிக்க இல்லை. தாய் வர வேண்டும் என்றுதான் தூக்குவது. குட்டியை இமைப்பொழுதில் வாரிக்கொண்டு தாயை வெறும் தரையை முகரவிட்டுப் போகிற மேய்ப்பன் ஒருவன் இருந்தால் எங்கள் அப்பாவே அவனை வேலைக்கு வைத்திருக்க மாட்டார். துணிப்படத்தில் எக்காளம் இருந்தது, மிருகம் இருந்தது, ஏழு வருஷத்து உபத்திரவம் இருந்தது, இந்த ஆட்டை யாரும் வரையவில்லை. ஆனால் இதுவும் தீர்க்கதரிசனம்தானே. மெதுவாய் என்று வாக்குக் கொடுத்தவருக்கு என்னிடம் வரும்போது மட்டும் என்ன அவசரம். அவர் எங்கே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் போயிருப்பார். அங்கே கேம்ப்பில் இருக்கிறவரை நினைத்தேன், அவரும் யாரோ ஒருவருடைய மடிக்குக் கீழே நடந்துகொண்டிருக்கட்டும், வேகமாக வேண்டாம், நடந்துகொண்டே இருந்தால் போதும்.

தேடு, என்றது மனசு. அடுப்படி வாசலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். ஜன்னலில் சார்ஜர் வயர் தொங்குகிறது. வயர் மட்டும். போன் இல்லை. கண்ணாடியையே விட்டுவிட்டு மேலே போகிறவர்கள் போனை எடுத்துக்கொண்டு போவார்களா. எனக்குச் சிரிப்பு வருகிறது, தனியாக நின்று சிரிக்கிறேன். எங்கள் தெருவில் டவர் விட்டுப்போகாமல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கடைசியில் மேட்டில் இருக்கிற தண்ணீர் டேங்க். கிரைண்டரை அணைக்கிறேன். அத்தையின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். ஓட வேண்டும் என்று இருக்கிறது. ஓடவில்லை. இசக்கியம்மாள் தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, ஒம் மாமியா வெறுங்காலோட பறந்தடிச்சு ஓடுதா, என்ன எப்சி, பொதையல் கெடாரத்த எங்கேயும் கண்டாளா, என்கிறாள். அவள் இன்னும் இருப்பதை வைத்து இப்போதும் எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் அவளைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டேங்க் நிழலில் அத்தை நிற்கிறார்கள். ஒரு காலை மறு கால்மேல் வைத்து மாற்றி மாற்றி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, இடுப்பில் ஓபேது அரைஞாண் கயிறோடு, அம்மணமாக, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. என்னைக் கண்டதும் கையை நீட்டிக் குதிக்கிறான். அத்தை நான் கிட்டே வரும்வரை பொறுக்கவில்லை. இவன் சட்டையெல்லாம் எச்சில், மாத்தலாம்னு கழட்டினேன், போன் அடிச்சுது, என்னமோ நம்பர், கண்ணாடியத் தேடல, எடுத்தேன், அம்மான்னான், அவன்தான், அவன் சத்தந்தான், ஒரே ஒரு வார்த்தை, பெறகு கிர்ருன்னு போயிட்டு, என்று மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறேன். அம்மான்னான், என்கிறார்கள். நான் செருப்பைக் கீழே வைக்கிறேன், அத்தை காலை அதற்குள் விடுகிறார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு டேங்க் தூணில் சாய்ந்து உட்காருகிறேன். அவன் முட்டி முட்டிக் குடிக்கிறான். அத்தை ரோட்டுப் பக்கம் மறைத்தாற்போல நின்று முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்கிறார்கள், இன்னொரு கையில் போன்.

பிறகு என்னைப் பார்க்காமல், போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். "ரெண்டு மட்டம் ஒன்னக் கூப்ட்டேன். அடுப்படியில இல்ல, கெணத்தடியில இல்ல. கிரைண்டர் அதுபாட்டுக்கு ஓடுது. எனக்கு ஒரு நிமிசம் எல்லாம் கழண்டு போச்சு, பாத்துக்க. இவ போயிட்டா, நான் நின்னுட்டேன்னு."

எனக்குப் புரிய நேரமாகிறது. "என்னையா அத்தை?"

"ஒன்னத்தான். வேற யார எடுப்பாரு எங்க வீட்டுல, என்னையா? கூட்டத்துல கைகூடத் தட்டல நான்." ஓபேதின் உச்சந்தலையைத் தொடுகிறார்கள். "பெறகு இவன் கட்டில்ல கெடந்து ஙேன்னு முழிச்சான். இவன விட்டுட்டு ஒன்னய மட்டும் கூட்டிட்டுப் போறதுக்கு அவருக்கு என்ன, நடமொற தெரியாதா. அதுலதான் எனக்கு உசிரே வந்துச்சு. எங்கன போயிருந்த நீ?"

தெரு முழுக்கப் பார்த்தும் அத்தையைத் தவிர ஒருத்தரைக்கூட அடித்துச் சொல்ல முடியாமல் நான் நின்றபோது, இந்தப் பொம்பளை யோசிக்காமல் என்னைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். "கக்கூஸ்ல இருந்தேன் அத்தை. நீங்க கூப்ட்டது கேட்டுச்சு."

ரோட்டில் வைத்து இவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. அத்தை என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு சிரிப்பு வந்து விரித்த முந்தானை குலுங்குகிறது, ஓபேது குடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எங்கன இருந்தாலும் சரி, கூப்ட்டா ஒரு சத்தங் குடு ளா," என்கிறார்கள்.

"குடுக்கேன்," என்கிறேன்.